கண்ணாடியில் ஒட்டிய முட்டைகள்



வளைகுடா நாடொன்றில் வாழும் நம் வாசகச் சகோதரி ஒருவரின் மடல் வந்துள்ளது. அவர் இல்லத்தில் பவளங்களும் மீன்களும் வாழும் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. ஒருநாள் விடியலில் அதன் கண்ணாடிச் சுவரில், முந்திய இரவு வரை இல்லாத சிறு சிறு பைகள் வரிசையாக ஒட்டியிருந்தனவாம். கண்ணாடி போல் தெளிந்த அப்பைகள் ஒவ்வொன்றினுள்ளும் வெண்புள்ளிகள் பல. "பாசியைத் தின்பதற்காக வாங்கிவிட்ட டர்போ நத்தைகள் இட்டவையா இவை? செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் ஒழிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். ஊற்றலாமா?" என வினவுகிறார்.

பின்வினாவுக்கே முதலில் விடை கூறிவிடுகிறேன். ஊற்றாதீர்கள், சகோதரி! மீன்களின் நோய்கள் சிலவற்றுக்குச் செம்பு மருந்துதான். ஆயின் நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் அது நஞ்சு. தொட்டியின் பாறையும் மணலும் அதனை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னர் சிறுகச் சிறுக நீரில் கசியவிடும். நீரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதி கொள்ளவும் வழியில்லை. மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும்.

இனி, இட்டது யார் என்பதைக் காண்போம். டர்போ நத்தையும் டிரோக்கஸ் நத்தையும் முட்டையை எங்கும் ஒட்டிவைப்பதில்லை. ஆணும் பெண்ணும் தத்தம் வித்துகளை நீரிலேயே கலந்துவிடும். அவ்வேளையில் நத்தையிடமிருந்து புகை எழுவது போல் தோன்றும், நீரும் சற்று மங்கும். எனவே கண்ணாடியில் ஒட்டியிருப்பவற்றுக்காக அவற்றின்மீது பழி சுமத்துவது நியாயமன்று.

சகோதரி வருணித்திருக்கும் தட்டையான, தெளிந்த பைகள் நாசாரியஸ் நத்தையின் வழக்கமான கைவண்ணம். பகலெல்லாம் மணலுள் புதைந்து, யானைத் துதிக்கை போன்ற மூச்சுக்குழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிராணி அது. இரை விழுந்த வாசனை எட்டியதும் மணலைப் பிளந்துகொண்டு புறப்படும். செத்த மீனையும் எஞ்சிய தீனியையும் தின்று தொட்டியைத் தூய்மை செய்யும் இந்தத் தோட்டியை விரட்டுவானேன்?

வேறு வடிவங்களையும் அறிந்து வைத்திருப்பது நன்று. மெல்லிய வெண்ணூலை வளைத்து வளைத்து ஒட்டியது போலிருப்பின் அது செரித் நத்தையினுடையது. எள்ளைப் போன்ற, நகத்தால் கீறினாலும் பெயராத வெண்பொட்டுகள் நெரைட் நத்தையினுடையவை. குஞ்சு வெளியேறிய பின்னும் அதன் தடம் நெடுநாள் நிற்கும். சுருள் சுருளாக, கடுகளவில் வெண்மையாக இருப்பவற்றைப் பலர் முட்டை என்றோ நத்தைக்குஞ்சு என்றோ மயங்குகின்றனர். அவை ஸ்பைரார்பிஸ் என்னும் புழு கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கூடுகள். பூதக்கண்ணாடியால் பொறுமையாக நோக்கின், கூட்டின் வாயில் இறகுக் கொத்தொன்று விரிவதைக் காணலாம். அதனாலும் தீங்கில்லை.

"இத்தனை முட்டையும் பொரித்தால் தொட்டி தாங்குமா?" என்ற அச்சம் எழுவது இயல்பே. நாசாரியஸ், நெரைட் போன்றவற்றின் குஞ்சுகள், இரு சிறு மடல்களை விரித்து நீரில் நீந்தித் திரிந்த பின்னரே நத்தை உருக்கொள்ளும். பரந்த கடலில் அதற்கு இடமுண்டு. தொட்டியிலோ, நீரேற்றியில் சிக்கியும் மீனுக்கும் பவளத்துக்கும் இரையாகியும் ஏறக்குறைய அனைத்தும் மாண்டுபோகின்றன. ஒரு சில நாட்களிலேயே தரையில் அமர்ந்துவிடும் டிரோக்கஸ் குஞ்சுகள் மட்டும் அவ்வப்போது தப்பிப் பிழைக்கும். நீந்தாமலே பிறப்பவையும் உண்டு. நம் மன்னார் வளைகுடாச் சங்கின் முட்டைப் பை ஆட்டுக்கடாவின் கொம்பு போல் முறுகியிருக்கும். அதனுள்ளேயே ஓடும் உருவமும் பெற்று, ஊர்ந்துகொண்டே வெளிவருகின்றன அதன் குஞ்சுகள்!

அஞ்சத்தக்க முட்டைகளும் உள்ளன. அவற்றைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவை இருக்கும் இடம். கண்ணாடியை விட்டுப் பவளத்தின் அடிப்புறத்தில் வெண்ணிறக் கொத்து தென்பட்டு, அருகில் பவளத்தின் தசையும் அழிந்திருப்பின், பவளந்தின்னும் ஓடில்லாக் கடல்நத்தையை ஐயுறுங்கள். அக்ரோபோரா பவளத்தின் கிளையடியில், தசை போய் வெளுத்த பகுதியில் பழுப்புப் பொன்னிற மணிகள் திரண்டிருந்தால் அவை தட்டைப்புழுவின் முட்டைகள். பெருஞ்சிப்பி வளர்ப்போர் அதன் ஓட்டை நோக்குக. பசை போன்ற திரளும், அரிசிமணி போன்ற வெண்ணத்தைகளும் இருப்பின் அவை சிப்பியின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணிகள். இரவில் விளக்கணைந்து ஓரிரு மணி நேரம் கழித்துக் கைவிளக்குடன் பார்த்தால் இவற்றைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

சிப்பியை வெளியே எடுத்து, சதையில் படாமல் ஓட்டை மட்டும் மென்தூரிகையால் தேய்த்து, தொட்டிநீரில் கழுவி மீண்டும் வையுங்கள். பவளத்தை மருந்து நீரில் முக்கினால் பூச்சி சாகும், முட்டை சாவதில்லை. முட்டையைச் சுரண்டியெடுத்தோ, அது ஒட்டிய வெற்றுப்பகுதியை நறுக்கியெறிந்தோ விட்டு, பொரித்து வருவனவற்றுக்காக வாரம் ஒருமுறையேனும் சில வாரங்கள் முக்கியெடுக்க வேண்டும்.

சகோதரியின் கண்ணாடியில் உள்ளவற்றுக்கு இத்தகைய பாடு எதுவும் வேண்டாம். பார்வைக்கு உறுத்தினால் பழைய நெகிழி அட்டையொன்றால் வழித்தெடுத்துவிடலாம். விட்டுவைத்தால், இன்னும் சில நாட்கள் பூதக்கண்ணாடியுடன் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அந்த வெண்புள்ளிகள் பைக்குள்ளேயே சுழலத் தொடங்குவதைக் காண்பார்கள்.