குழந்தை இல்லாவிட்டால் கல்யாணம் செல்லாதா?

திருப்பூருக்குப் போயிருந்தேன். எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஓவர்லாக் மெஷின் சத்தந்தான். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த கத்தோலிக்கப் பெண் ஒருத்தி என்னைத் தனியே அழைத்தாள்.

"ஏனுங்க அக்கா, கல்யாணமாகி ஆறு வருசமாச்சுங்க. குழந்தை இல்லீங்க. இந்தக் கல்யாணமே செல்லாது, பிஷப்புக்கு எழுதி ரத்துப் பண்ணிடலாம்னு அத்தை சொல்றாங்க. நெசமுங்களா?"

வாசகிகளே, உங்கள் அண்டை வீட்டிலும் இந்தப் பேச்சு அடிபட்டிருக்கலாம். ஆகையால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் 1084-வது விதி, மலட்டுத்தன்மை வேறு, தாம்பத்திய உறவுக்கே இயலாமை வேறு என்று பிரித்து வைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே இருந்து, என்றும் தீராத இயலாமையானால், அது ஆணுக்கோ பெண்ணுக்கோ, விவாகம் செல்லாது. அதிலும் சந்தேகம் இருக்கும் வரை செல்லாது என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. மலட்டுத்தன்மையோ கல்யாணத்தைத் தடுப்பதும் இல்லை, செல்லாததாக்குவதும் இல்லை. அறுபது வயதில் கைப்பிடிப்பவர்களையும் கோவிலில் ஆசீர்வதிக்கிறார்களே!

ஒரே ஒரு விலக்கு உண்டு. தனக்குக் குழந்தை பிறக்காது என்று தெரிந்திருந்தும், சம்மதம் பெறுவதற்காகவே அதை மறைத்து ஏமாற்றியிருந்தால் 1098-வது விதி குறுக்கே வரும்.

இதைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. "கல்யாணத்துக்கு முந்தியே எனக்கு மாசம் தள்ளித் தள்ளித்தான் வருமுங்க. அதைச் சொல்லலீங்களே?"

பைத்தியமே! மாதவிலக்கு தள்ளி வருவது மலட்டுத்தன்மைக்கு அத்தாட்சியா? தெரியாத ஒன்றை மறைப்பதுதான் எப்படி?

இன்னொன்று. சர்ச் ரத்துச் செய்தாலும் அரசாங்கச் சட்டத்தின் முன் அது போதாது என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே சொல்லிவிட்டது. கோர்ட் தீர்ப்பில்லாமல் மகனுக்கு மறு கல்யாணம் செய்து வைத்தால் அதுதான் செல்லாமல் போகும். கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்திலும் குழந்தையின்மை ஒரு காரணமே அல்ல.

"உன் வீட்டுக்காரர் டாக்டரிடம் போனாரா?" என்று கேட்டேன்.

"என்னையத்தானுங்க மூணு டாக்டர் கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. குழந்தையில்லாத் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் புருஷன் பக்கத்துக் குறையும் சேர்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் விந்துப் பரிசோதனையோ, பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளைவிட எளிது, வலியும் கிடையாது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சாமியார் கிட்டயே சொல்லி, அவரு வாயால அத்தைக்குச் சொல்லச் சொல்றனுங்க. திங்கக்கிழமை அரை நாள் லீவு போட்டு, இவரைக் கூட்டிட்டுப் போகோணுமுங்க" என்றாள்.