வீட்டுக்கு 7.2 கிலோவாட் தேவையா?

மின்கார் வாங்கினால் வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டியே தீர வேண்டும், பவர் பிளக்கை நம்பினால் வண்டி பாதி வழியில் நிற்கும் என்று ஷோரூமில் தொடங்கிய பேச்சு இன்று அடுக்ககச் சங்கக் கூட்டம் வரை வந்துவிட்டது. கணக்கு வேறு சொல்கிறது. சிறிய மின்கார் யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடும். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, இழப்பையும் சேர்த்து, 7 யூனிட் என்றே வைப்போம். 15 ஆம்பியர் பிளக் மணிக்கு 3 யூனிட் தரும். இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மிச்ச இரவெல்லாம் வண்டி சும்மாதான் நிற்கும். தவிர, சுவரில் தொங்கும் அந்தப் பெட்டி சார்ஜரே அல்ல. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் உண்மையான சார்ஜர் வண்டிக்குள் இருக்கிறது. 2022இல் வந்த டியாகோ இவி 3.3, 7.2 என இரு வகை உள்சார்ஜர்களுடன் விற்பனைக்கு வந்தது. 3.3 வாங்கியவர் எவ்வளவு பெரிய பெட்டி மாட்டினாலும் வண்டி அதற்கு மேல் இழுக்காது.

"பிளக் உருகிப்போகிறதே?" என்பார்கள். உருகுவது உண்மைதான், அலட்சியப்படுத்தக்கூடிய எதிர்ப்பு அல்ல இது. கீஸர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும், காரோ மணிக்கணக்கில் அதே மின்னோட்டத்தை இழுக்கும்; தளர்ந்த பிளக்கும் மெலிந்த ஒயரும் தாங்காது. ஆனால் ஒயரில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப ஏறுவது. 16 ஆம்பியருக்கே சூடாகும் ஒயரில் 32 ஆம்பியரை ஓட்டினால் வெப்பம் நான்கு மடங்கு. ஆக, பெட்டியை மட்டும் பெரிதாக்குவது நோயை வளர்ப்பதே. மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்.சி.பி., மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த்: பணம் போக வேண்டிய இடம் இதுதான். ஆர்.சி.சி.பி.யும் மலிவான 'ஏசி' வகையாக இருந்தால், நேர்திசைக் கசிவு அதை மந்தமாக்கிவிடக்கூடும்.

நாளுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கும், ஒரே லைனில் இரண்டு கார் ஏற்றும் வீட்டுக்கும் 7.2 நியாயமான தேவை. அனுமதிக்கப்பட்ட மின்சுமையை மட்டும் முன்கூட்டியே உயர்த்திக்கொள்ள வேண்டும். எப்போதாவது வரும் நெடும்பயணத்துக்கு நெடுஞ்சாலை விரைவு சார்ஜர் இருக்கிறது. நாளை பெரிய கார் வாங்கும் எண்ணமிருந்தால் இன்றே 6 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்துவிடுங்கள், பெட்டியை அப்போது மாட்டலாம். இப்போதைக்கு எலெக்ட்ரீஷியனை அழைத்து முதலில் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். பெட்டியின் விலையைப் பிறகு கேட்கலாம்.