இக்னோர் ஃபைலும் காணாமல் போன மரத்தடிகளும்

டிஸ்கி: பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம். நடுவுல ரெண்டு பத்தி கொஞ்சம் ஆணியா இருக்கும், தாண்டிப் போயிடுங்க :-)

கிட்ல எந்த ஃபைலை எல்லாம் கண்டுக்க வேணாம்னு எழுதி வைக்க ஒரு ஃபைல் இருக்கு, பேரு கிட்இக்னோர். அதுக்குள்ள ஒவ்வொரு ஃபைல் பேரா எழுத வேண்டியதில்லை. ஒரு நட்சத்திரக்குறி போட்டா "என்ன பேரா இருந்தாலும்"னு அர்த்தம். 1971 யூனிக்ஸ் காலத்துல இருந்தே இருக்குற வசதி. எல்லாரும் இந்த ஃபைலை எங்கேயோ இருந்து அப்படியே காப்பி அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுறோம். அப்படிச் செய்யக் கூடாதுங்கறதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

ஊர்ப் பக்கம், தூத்துக்குடியில ஒரு அண்ணாச்சி. துறைமுகத்துல சரக்கு கிளியரிங் பண்ற சின்ன ஆபீஸ். அவருக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டு இருந்தேன், வேலை முடிஞ்ச ராத்திரிகள்லயும் ஊருக்கு வர்ற சனி ஞாயிறுலயும். அவருக்கு வர்ற சரக்குல முக்கியமானது மரத்தடி. தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கப்பல்ல மரத்தடி வந்து இறங்குறதை அந்தப் பக்கம் போனவங்க பாத்திருப்பீங்க, அடுக்கடுக்கா கிடக்கும். அதை அளக்கறதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. தடியோட சுற்றளவை எடுத்து, நாலால வகுத்து, அதை வர்க்கம் பண்ணி, நீளத்தால பெருக்கணும். உண்மையான கன அளவை விட இது குறைவாத்தான் வரும், தடி சரியான உருளையா இருந்தா 78.5 சதவீதம்தான். வியாபாரம் காலங்காலமா இந்தக் கணக்குலதான் நடக்குது. அது போக பட்டைக்கு எவ்வளவு கழிக்கறது, நடுவுல பொந்து இருந்தா என்ன, கோணல் தடிக்கு எங்க டேப் போடறதுன்னு ஆயிரம் நுணுக்கம். இதெல்லாம் அங்க இருந்த ஒரு வயசான டாலி கிளார்க் மூணு சாயங்காலம் உக்காந்து எனக்குச் சொல்லித் தந்தார். ஒரு பொட்டலம் மக்ரூனும் நாலு டீயும்தான் நான் கொடுத்த ஃபீஸ்.

அத்தனையையும் புரோகிராமா எழுதினேன். மரத்தடிக்கு இங்கிலீஷ்ல லாக்ஸ். சரக்கு வாரியா ஃபோல்டர் வச்சிருந்தேன், நிலக்கரிக்கு ஒண்ணு, உப்புக்கு ஒண்ணு, மரத்தடிக்கு "லாக்ஸ்"னு ஒண்ணு. விவரம் தெரிஞ்சவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க.

கிட்ஹப்ல விஷுவல் ஸ்டுடியோவுக்குன்னு ஒரு ரெடிமேட் இக்னோர் ஃபைல் இருக்கு, சில நூறு வரி. அதைத்தான் போட்டிருந்தேன். அதுல ஒரு வரி: சதுர அடைப்புக்குள்ள பெரிய எல்லும் சின்ன எல்லும், அப்புறம் ஓ-ஜி-எஸ், கடைசியில ஒரு சாய்கோடு. அதாவது லாக்ஸ்ங்கற பேருல எந்த ஃபோல்டர் எங்க இருந்தாலும், பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, கண்டுக்காதே. எழுதினவர் மேல தப்பில்ல, அவர் மனசுல இருந்தது புரோகிராம் துப்புற குப்பை. மரத்தடி இல்ல.

மூணு வாரம் தினமும் கமிட் போட்டேன். "எல்லாம் சுத்தம்"னு கிட் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவை கூட "லே, இந்த ஃபோல்டரை நான் எடுக்கல"ன்னு வாய் திறக்கல.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பில்டு ஏதோ முறுக்கிக்கிச்சு. இணையத்துல பாத்த ஒரு கட்டளையைப் போட்டேன். கிட் க்ளீன், கூடவே மைனஸ் எஃப், டி, பெரிய எக்ஸ். இக்னோர் பண்ணதை எல்லாம் அழிச்சிடுன்னு அர்த்தம். நல்லா அழிச்சிடுச்சு. எடிட்டரோட ஹிஸ்டரியைக் கிளறி நாலஞ்சு ஃபைல் மீட்டேன். மீதி போயே போச்சு.

என் கோபம் எல்லாம் இங்கதான். "இதைக் கணக்குல சேர்க்காதே"ங்கறது ஒரு பேச்சு. "இது போனா போகட்டும்"ங்கறது வேற பேச்சு. கிட் ரெண்டையும் ஒரே பட்டியல்ல வச்சிருக்கு. இக்னோர் பண்ண ஃபைல் அதோட பார்வையில தூக்கிப் போடத்தக்கது. வேற பிராஞ்சுக்குத் தாவும்போது அங்க அதே பேருல ஃபைல் இருந்தா, உங்களோடதை ஒரு வார்த்தை கேக்காம மேல எழுதிடும். பாஸ்வேர்டு இருக்குற ஃபைலும் இக்னோர், குப்பையும் இக்னோர். ரெண்டுக்கும் ஒரே மரியாதையா?

என் முதல் கம்பெனியில ஒரு பழைய புராஜெக்ட் சப்வெர்ஷன்ல இருந்துச்சு. அதுல இக்னோரை ஃபோல்டர் ஃபோல்டராத்தான் எழுதணும், ஒரு ஃபோல்டர்ல எழுதினது அதுக்கு உள்ள இருக்குற ஃபோல்டருக்குச் செல்லாது. அப்ப நான் திட்டாத திட்டு இல்ல. இப்ப யோசிச்சா, அந்தத் தொல்லைதான் வேலி. கிட்ல முன்னாடியோ நடுவுலயோ சாய்கோடு இல்லாம ஒரு பேரை எழுதினா, அது எத்தனை அடுக்கு உள்ள போயும் பிடிக்கும். முன்னாடி ஒரே ஒரு சாய்கோடு போட்டா அந்த இடத்தோட நிக்கும். அந்த ஒரு கோடு இருந்திருந்தா என் மரத்தடி தப்பிச்சிருக்கும். பைத்தான்காரங்களே, நீங்களும் சிரிக்காதீங்க. உங்க ரெடிமேட் ஃபைல்ல "லிப்"னு ஒரு வரி முன்னாடி சாய்கோடு இல்லாம உக்காந்திருக்கு. அதே பேருல உங்க வெப் பக்கத்துக்கும் ஒரு ஃபோல்டர் இருந்தா அதோ கதிதான்.

"அப்ப நீ ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டு இரு, நாங்க குப்பையோட கமிட் பண்றோம்"னு என் ரூம் மேட் கேட்டான். நியாயம்தான். ஆனா குப்பை தெரியாம உள்ள வந்தா கண்ணுக்குத் தெரியும், கூட வேலை பாக்குறவன் திட்டுவான், அடுத்த நாள் எடுத்துடலாம். உள்ள வராம போனது தெரியவே தெரியாது. பாஸ்வேர்டு மட்டும் விதிவிலக்கு, அதுக்கு எவ்வளவு அகலமா வேணும்னாலும் வலை போடுங்க. ஏற்கெனவே கமிட் ஆன ஃபைலை இக்னோர்ல எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லைங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

எங்க ஊர்ல முத்துக்குளிச்ச காலத்துல வியாபாரிங்க முத்தைத் தரம் பிரிக்க பித்தளைச் சல்லடை வச்சிருந்தாங்க. 20 ஓட்டைல இருந்து 1000 ஓட்டை வரைக்கும் பத்துச் சல்லடை. ஒண்ணுல விழுந்ததை அடுத்தது பிடிக்கும், கடைசியில விழுற பொடிக்குக் கூட தூள்னு பேரு வச்சு வித்தாங்க. விழுந்தது எங்க போச்சுன்னு தெரியாம எவனும் சலிக்கல.

கிட்லயும் அப்படிப் பாக்க வழி இருக்கு. நான்தான் பாக்கல. கிட் ஸ்டேட்டஸ் கூட மைனஸ் மைனஸ் இக்னோர்டு போட்டா விட்டதை எல்லாம் வரிசையாக் காட்டும். செக்-இக்னோர் கூட மைனஸ் வி போட்டா எந்த ஃபைல்ல எத்தனாவது வரி முழுங்குச்சுன்னே சொல்லிடும். க்ளீனுக்கு முன்னாடி மைனஸ் என் போட்டா அழிக்காம பட்டியல் மட்டும் வரும். இப்ப மாசம் ஒரு தடவை முதல் கட்டளையை ஓட்டுறேன். இக்னோர் ஃபைல் பதினோரு வரி, எல்லாம் நானே எழுதினது, ஒவ்வொண்ணுக்கும் மேல ஏன்னு ஒரு வரி குறிப்பு.

அண்ணாச்சி திட்டல, "ரெண்டு வாரம் தள்ளிப் போகுதுல்லா?"ன்னு மட்டும் கேட்டார். டாலி கிளார்க்கிட்ட திரும்பப் போய் நிக்கத்தான் கூச்சமா இருந்துச்சு. நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னதைக் குப்பைன்னு நெனச்சுட்டா தம்பி உன் கம்ப்யூட்டரு?"ன்னு கேட்டுட்டு, டேப்பை எடுத்து மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சார். இந்தத் தடவை ஃபோல்டர் பேரு "தடி".