மினுக்கும் மீட்பும்

பழைய பந்தய மிதிவண்டிகளைத் தேடித் திரட்டுவோரிடையே ஒரு கொள்கை வேரூன்றி நிற்கின்றது. எஃகுக் குழாயால் ஆனதே சட்டகம், அலுமினியம் வெறுந்தகரம் என்பது அக்கொள்கை. இத்தாலி நாட்டுப் பட்டறைகளில் உருவான எஃகுச் சட்டகத்தைக் கண்டால் கைகூப்புவோர், அதே நாட்டுத் தொழிலாளர் அதே கைகளால் செய்த அலுமினியச் சட்டகத்தைப் பழைய இரும்புக் கடைக்கு உரியதென ஒதுக்குவர். இது பிழை. ஆயின் இதனினும் பெரும்பிழை ஒன்று உண்டு. இகழ்ந்தோரால் அலுமினியத்திற்கு நேர்ந்த கேட்டைக் காட்டிலும், அதன்பால் பற்றுடையோம் என்று கூறிக்கொண்டு புதுப்பிக்கப் புகுந்தோரால் நேர்ந்த கேடே மிகுதி.

முதற்கண் இகழ்வோர்க்கு விடை கூறுதல் வேண்டும். அலுமினியத்தால் மிதிவண்டி செய்யும் முயற்சி பிரான்சு நாட்டில் 1930களிலேயே நடைபெற்றது. எனினும் பந்தயத்திற்குத் தக்க அலுமினியச் சட்டகத்தைத் தொடர்ந்து உருவாக்கி விற்கும் தொழிலாக அதனை நிலைநிறுத்தியவர் இத்தாலியரான லோடோவிக்கோ ஃபால்கோனி. 1972இல் பதுவா வட்டாரத்தில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'அலான்'. தம் மக்களாகிய அல்பெர்டோ, அன்னமரியா இருவர் பெயர்களின் முதலெழுத்துகளை இணைத்து அவர் இட்ட பெயர் அது. அக்காலத்தில் மெல்லிய அலுமினியக் குழாய்களைப் பற்றவைப்பது எளிதன்று. வெப்பம் பட்ட இடத்தில் உலோகம் வலுவிழக்கும். ஆகவே குழாயின் முனையில் திருகுப்புரி வெட்டி, பசை தடவி, வார்ப்பு மூட்டுக்குள் திருகி இறுக்கும் முறை கையாளப்பட்டது. தீயின்றி ஒரு சட்டகம் பிறந்தது! சேற்றிலும் மேட்டிலும் வண்டியைத் தோளில் சுமந்தோடும் 'சைக்ளோகிராஸ்' பந்தய வீரர்கள் அதன் எடைக்குறைவை உடனே உணர்ந்தனர். அவ்வகைப் பந்தயத்தின் உலகப் பட்டங்கள் பல அச்சட்டகங்களின்மேல் வெல்லப்பட்டன.

அலான் நெகிழும், துவளும் என்பர் குறைகூறுவோர். உண்மைதான். அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்கே. எஃகுக் குழாயின் பருமனையொட்டியே அலுமினியக் குழாயையும் செய்தால் அது வளையத்தான் செய்யும். ஆனால் சுவரின் தடிப்பு மாறாதிருக்க விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு எண்மடங்காகும் என்பது பொறியியல் கணக்கு. இக்கணக்கை அமெரிக்கர் 1980களில் பருத்த குழாய்களால் மெய்ப்பித்தனர். 1990களில் இத்தாலியரும் அவ்வழி வந்தனர். கொலம்பஸ் நிறுவனம் 'அல்டெக்' என்னும் பெயரில் அலுமினியக் குழாய்களை வழங்க, பட்டறைகள் அவற்றைப் பற்றவைத்துச் சட்டகமாக்கின. 1998ஆம் ஆண்டு மார்க்கோ பன்டானி இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தையும் பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்தையும் ஒரே ஆண்டில் வென்றது பியாங்கி நிறுவனத்தின் அலுமினியச் சட்டகத்தின்மேல்தான். 2024இல் பொகாச்சார் அச்செயலைச் செய்யும்வரை இருபத்தாறு ஆண்டுகள் வேறெவராலும் அது இயலவில்லை. வெறுந்தகரத்தின்மேல் ஏறியா அவர் அம்மலைகளைக் கடந்தார்?

மேலும் ஒன்று. 1997இல் செருமானிய இதழான 'டூர்' பன்னிரண்டு உயர்தரச் சட்டகங்களை எந்திரத்தில் பூட்டி, இலட்சக்கணக்கான முறை அழுத்திச் சோதித்தது. இறுதிவரை முறியாது நின்றவை மூன்று. அவற்றுள் இரண்டு அலுமினியம், ஒன்று கார்பன் இழை. எஃகு ஒன்றும் நிற்கவில்லை. வென்ற இரண்டும் இத்தாலியவை அல்ல என்பதையும் மறைத்தல் கூடாது. எனினும் எஃகு என்றும் முறியாது, அலுமினியம் என்றும் முறியும் என்னும் பேச்சுக்கு அச்சோதனை போதிய மறுப்பாகும்.

இனி, பற்றுடையார் செய்யும் கேட்டினைக் காண்போர் உள்ளம் நோவாதிரார். பழைய சட்டகம் ஒன்று கைக்கு வந்தவுடன் அவர்தம் முதல் வேலை அதனை மினுக்குதல். வண்ணத்தை நீக்கக் காஸ்டிக் சோடாவில் அமிழ்த்துவர். அது வண்ணத்தோடு நில்லாது அலுமினியத்தையே தின்னும் என்பதை வேதியியல் பயிலும் மாணவனும் அறிவான். பின்னர்ப் பொடிவண்ணம் தூவிச் சூளையிலிடுவர். அச்சூளையின் வெப்பம் ஏறத்தாழ 200 பாகை. பசையால் இணைந்த சட்டகத்தை அவ்வெப்பத்தில் வைத்தால் உள்ளிருக்கும் பசை இளகும். வெளியே புதுமணப்பெண் போல் பொலிவு, உள்ளே பிடிப்பற்ற மூட்டு!

எஃகில் பழகிய கையோடு அலுமினியத்தைத் தொடுவதே இவர்தம் அடிப்படைப் பிழை. பழஞ்சட்டகங்களின் பின்கவையில் சக்கர அச்சுக்குரிய இடைவெளி 126 மில்லிமீட்டர். பிற்காலத்துச் சக்கரத்திற்கு 130 வேண்டும். எஃகாயின் கவையைப் பையப் பைய வளைத்து அகற்றலாம். அது காலங்காலமாக நடந்துவரும் முறை. அலுமினியத்தை அவ்வாறு அகற்றுவது விரிசலுக்கு விதையூன்றுவதாகும். மிதியச்சுக் கூட்டின் கதையும் அத்தகையதே. இத்தாலிய அளவில் அக்கூட்டின் புரிவிட்டம் 36 மில்லிமீட்டர், அங்குலத்திற்கு 24 புரி. இருபுறமும் வலப்புரியே ஆதலின், மிதிக்க மிதிக்க வலப்பக்கக் கிண்ணம் தளரும் இயல்புடையது. ஆங்கில அளவுக் கூட்டில் புரி தேய்ந்தால் அதனைப் பெரிதாக்கி இத்தாலிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். இத்தாலியக் கூடே தேய்ந்துவிட்டால் மேற்செல்ல இடமில்லை. அத்தகைய கூட்டில் எஃகுக் கிண்ணத்தைக் கோணலாக நுழைத்து, முரட்டு வலியால் திருகி, எஞ்சிய புரியையும் உருவிவிட்டு, பழங்காலத்தவர் வேலை மட்டம் என்று பழிபேசுவோர் எத்தனை பேர்! வியர்வை உப்பால் இறுகிப்போன இருக்கைத் தண்டை எடுக்கத் தீக்குழல் பிடிப்போரைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

பெயரொட்டுகளிலும் பொய் புகுந்துவிட்டது. அலான் பட்டறையில் பிறந்த சட்டகங்கள் குவெர்ச்சோத்தி போன்ற பிற பெயர்களிலும் விற்கப்பட்டன. எப்பெயரில் விற்றதோ அப்பெயரே அதன் வரலாறு. விலை கூடும் என்று வேறு பெயரை ஒட்டுவது, சிதைந்த ஏட்டில் இல்லாத அடிகளைத் தாமே பாடிச் சேர்த்துவிட்டு மூலம் என்று பதிப்பிப்பதற்கு நிகர். தமிழாசிரியர் எவரும் அதனைப் பொறார்.

இவையெல்லாம் சுவைவேறுபாடு என்று விட்டுவிடலாம், ஓர் உயிர் அதன்மேல் ஏறி அமராவிடில். எஃகிற்கு ஓர் எல்லையுண்டு. அதற்குட்பட்ட அழுத்தத்தை எத்தனை முறையும் அது தாங்கும். அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. பட்ட ஒவ்வோர் அதிர்வும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அக்கணக்கு முடியும்போது வெளிப்படுவதே விரிசல். மூட்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு, வெண்பொடி, மிதிக்கும்போது எழும் மெல்லிய சொடுக்கு ஆகியன அதன் முன்னறிவிப்புகள். பட்டி பூசித் தேய்த்து வண்ணமடிப்பவர் மறைப்பது இம்முன்னறிவிப்புகளையே. வாங்குபவன் பெரும்பாலும் இளைஞன். பன்டானி ஏறியது போன்ற வண்டி என்னும் ஆசையால் சேமிப்பைக் கொடுத்து வாங்குகின்றான். மலைச்சரிவில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் விரைவில் இறங்குகையில் முன்கவை முறிந்தால் அவனுக்கு நினைக்கவும் நேரமிராது.

அவ்வாறாயின் ஓட்டவே கூடாதா, சுவரில் மாட்டும் பொம்மையா அது என வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. எல்லையில்லை என்பதனால் நாளையே முறியும் என்பது பொருளன்று. மென்மையாக ஓட்டப்பட்ட சட்டகங்கள் நாற்பதாண்டு கடந்தும் ஓடுகின்றன. பழைய மேற்பூச்சை அப்படியே விட்டு, அழுக்கை மட்டும் நீக்கி, மூட்டுகளை உருப்பெருக்கியால் நோக்கி, அதன் காலத்துக்குரிய சக்கரத்தையே பூட்டி, சமநிலத்தில் ஓட்டுவோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கீறலும் மங்கலும் உள்ள அச்சட்டகமே மீட்கப்பட்ட சட்டகம்.

விற்போர் செய்யவேண்டுவது ஒன்றே. வண்ணம் பூசுமுன் எடுத்த ஒளிப்படங்களை மூட்டுவாரியாக வாங்குவோரிடம் கொடுத்துவிடுக. சூளையிலிட்டதா, கவை அகற்றப்பட்டதா, புரி வெட்டப்பட்டதா என எழுதிக் கையொப்பமிடுக. கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதிருக்க. விரிசல் கண்ட சட்டகத்தை விரிசல் தெரியவே சுவரில் மாட்டுக. அதன் முன்கவையும் அலுமினியமாய் இருப்பின், மாட்டுமுன் அதன் தண்டை வாளால் அறுத்துவிடுக. அரும்பொருளை அறுப்பதா என்று திரட்டுவோர் அலறக்கூடும். அறுக்காது வைத்த முன்கவையை அவர் காலத்திற்குப் பின் எவனேனும் எடுத்துச் சக்கரம் பூட்டுவான்.