ஆத்திரமா? ஆணவமா?

சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலை நிமிர்ந்து நிற்கிறது. மேலே காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, ஏற்காட்டு ஏரி! கோடை வந்தால் குளிர் தேடிக் கூட்டம் கூட்டமாக மக்கள் மலையேறுகிறார்கள். அந்த மலைக்குக் கீழே, ஓமலூரிலே, ஓர் ஏழைத் தாய் தன் மகனைப் பொறியியல் படிக்க வைத்தாள். படித்து முடித்தான் மகன். பட்டம் இருந்தது, பணிக்குப் போகும் வயதும் இருந்தது. வாழும் உரிமைதான் இல்லாமற் போயிற்று. அவன் பெயர் கோகுல்ராஜ். தாழ்த்தப்பட்ட குடியிலே பிறந்தவன்.

2015 ஜூன் 23. திருச்செங்கோட்டு மலைக்கோயில். உடன் படித்த பெண்ணொருத்தியுடன் அவன் பேசிக்கொண்டிருந்தான். அதுதான் அவன் செய்த குற்றம்! அந்தப் பெண் வேறு சாதி. ஒரு கூட்டம் அவனைக் கடத்திச் சென்றது. மறுநாள், பள்ளிப்பாளையத்துக்கு அருகே இருப்புப்பாதையிலே, தலை வேறு உடல் வேறாகக் கிடந்தான்.

தோழர்களே, திருச்செங்கோட்டில் குடிகொண்ட தெய்வம் எது? அர்த்தநாரீசுவரர்! ஆண் பாதி, பெண் பாதி. ஓருடலில் இருவரும் கலந்து நிற்பதைக் கண்டு கைகூப்புகிறார்கள். ஒரு பந்தலில் இருவர் அமர்ந்து பேசினால் கழுத்தை அறுக்கிறார்கள். கல்லிலே கலந்தால் கற்பூரம், கண்ணெதிரே கலந்தால் கொடுவாள்! இதற்குப் பெயர் பக்தியா, பண்பாடா?

முதலில் அந்த மரணத்துக்கு என்ன பெயர் சூட்டப்பட்டது? தற்கொலை! கடிதம் இருந்தது, கைபேசியிலே காணொளியும் இருந்தது. சாகப் போகிறவன் வாயாலேயே சாவுக்குச் சாட்சி சொல்ல வைத்திருந்தார்கள் சதிகாரர்கள். பிரேதப் பரிசோதனை அந்தப் பொய்யைக் கிழித்தது. அதன் பிறகே வழக்கு கொலை வழக்காயிற்று. ஒரு சொல் மாறியது. அந்த ஒரு சொல்லிலேதான் நீதியின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

சட்டத்தின் ஏட்டைச் சற்றுப் புரட்டுவோம். 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், மனித உயிரைப் போக்குவதைத் தரம் பிரித்தது. 299-ஆம் பிரிவு மரணம் விளைவிக்கும் குற்றத்தைச் சொன்னது. 300-ஆம் பிரிவு அதிலே எது கொலை என்று வரையறுத்தது. கொல்லும் கருத்து இருந்ததா, சாவு நேரும் என்ற அறிவு இருந்ததா, கவனக்குறைவா — இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே தண்டனை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. எண்கள் 100, 101, 103, 105, 106 என்று மாறின. அளவுகோல் மாறவில்லை. அன்றும் இன்றும் சட்டம் குற்றவாளியின் நெஞ்சுக்குள்ளே எட்டிப் பார்த்துத்தான் எடை போடுகிறது.

அந்த ஏட்டிலே ஒரு விதிவிலக்கு உண்டு. கடுமையான, திடீரென மூண்ட ஆத்திரமூட்டலால் தன்னிலை இழந்தவன் உயிரைப் போக்கினால், அது கொலைக்குற்றம் ஆகாது, குறைந்த குற்றமாகும். மனிதன் கல்லல்ல என்பதை உணர்ந்து சட்டம் காட்டிய இரக்கம் அது. அந்த இரக்கத்தின் வாசலிலேதான் சாதி வந்து முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறது! "பெற்ற வயிறு எரிந்தது, ஆத்திரத்தில் செய்துவிட்டார்கள்" என்று திண்ணையிலே ஒரு குரல். "மானம் போனபின் மனிதன் என்ன செய்வான்?" என்று தேநீர்க் கடையிலே மறு குரல்.

கேட்கிறோம். திருச்செங்கோட்டிலே எந்தத் தகப்பன் தன்னிலை இழந்தான்? எந்த அண்ணன் கண் சிவந்தான்? கடத்திச் சென்றவர்கள் அந்தப் பெண்ணின் வீட்டார் அல்லர். சாதியின் பெயரால் சங்கம் கண்ட யுவராஜும் அவருடைய ஆட்களும்! காரிலே ஏற்றுவதற்கு நேரம் இருந்தது, கடிதம் எழுதி வாங்க நேரம் இருந்தது, காணொளி எடுக்க நேரம் இருந்தது. இத்தனை நிதானத்தோடு வருவதற்குப் பெயர் ஆத்திரமா? ஆத்திரத்துக்கு ஆயுள் ஒரு நொடி. ஆணவத்துக்கோ ஆயிரம் ஆண்டு! அதனால்தான் 'கௌரவக் கொலை' என்ற பொய்ச்சொல்லைத் தூக்கி எறிந்து, 'ஆணவக் கொலை' என்ற மெய்ச்சொல்லைத் தமிழ்நாடு ஏற்றது.

தேடப்பட்டபோது மூன்று மாதங்களுக்கு மேல் அந்த மனிதர் தலைமறைவு. ஆள்தான் இல்லை, குரல் மட்டும் வாட்ஸ்அப்பிலே ஊர்வலம் வந்தது. அதைக் கேட்டு வியந்தவர்களும் இருந்தார்கள்! வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. சாட்சிகள் பிறழ்ந்தனர். கோயிலிலே இருந்த கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. மனிதர் மறுத்ததை இயந்திரம் சொல்லிற்று. 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டின்போது உயர்நீதிமன்ற நீதிபதிகளே திருச்செங்கோட்டுக் கோயிலுக்குச் சென்று இடத்தைப் பார்வையிட்டார்கள். 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. எட்டு ஆண்டுகள் ஒரு தாய் நீதிமன்றப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினாள்.

எட்டு ஆண்டு நீளமென்றால், விருத்தாசலத்தை எண்ணிப் பாருங்கள். 2003-இல் முருகேசன் என்ற பொறியியல் பட்டதாரியும் அவன் மணந்த கண்ணகியும் நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். தீர்ப்பு வந்தது 2021-இல். வழக்கைத் திரித்த காவல்துறையினரும் தண்டனை பெற்றார்கள். உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025-இல். இருபத்திரண்டு ஆண்டுகள்!

இனி, மலைக்கு மேலே போவோம். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களான மலையாளிகள் — கேரளத்தார் அல்லர், மலையை ஆளும் தமிழர் — தங்கள் தோற்றத்தைப் பற்றி ஒரு கதை சொல்லி வந்தார்கள். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிலே அது பதிவாகியிருக்கிறது. காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்தனராம். மூவரும் மூன்று வேறு சாதிப் பெண்களை மணந்தனராம். மூன்று மலைகளில் குடியேறினராம். மூத்தவன் வழி வந்தவர்களே சேர்வராயன் மலையினர் என்பது கதை. மலையின் வரலாறே கலப்பு மணத்திலே தொடங்குகிறது! மேலே கலந்ததால் ஒரு குலம் தழைத்தது. கீழே பேசியதால் ஒரு பிள்ளை பிணமானான். நாகரிகம் மலையிலே இருக்கிறதா, சமவெளியிலே இருக்கிறதா?

ஏன் இந்தக் கொலைவெறி? அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916-லேயே எடுத்துக் காட்டினார். பெண் வேலி தாண்டினால் சாதி சரியும். சாதி சரிந்தால் அதைச் சார்ந்த நிலம் சரியும், ஊர்ப் பெரிய மனிதர் என்ற பட்டம் சரியும், வாக்குச் சீட்டை மூட்டை கட்டி விலை பேசும் வாணிபமும் சரியும்! எனவே பெண்ணின் மனத்துக்குப் பூட்டு. அதைத் திறக்க வந்தவனுக்குச் சாவு. கத்தியை எடுத்தவன் ஒருவன். அதைத் தீட்டிக் கொடுத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

"இருக்கும் சட்டமே போதாதா?" என்பார் உண்டு. போதாது! கொலைச் சட்டம் பிணம் விழுந்த பிறகுதான் கண் விழிக்கிறது. மிரட்டலின்போது, கட்டப்பஞ்சாயத்தின்போது, பெண்ணை வீட்டுக்குள் பூட்டும்போது அது உறங்குகிறது. புதிய சட்டத்தின் 103-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சாதியின் பெயரால் ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ கூடிக் கொல்வதைத் தனித்துக் காட்டுகிறது. நால்வர் வந்தால்? தகப்பன் தனியே அரிவாள் எடுத்தால்? தனிச் சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணையம் 2012-இல் தந்தது. தடுப்பு, பாதுகாப்பு, தண்டனை ஆகியவற்றுக்கு 2018-இல் சக்திவாகினி வழக்கிலே உச்சநீதிமன்றம் வழி வகுத்தது. தமிழ்நாட்டில் 2025 அக்டோபரில், தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க நீதியரசர் பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. ஆணையம் அலமாரிக்கு அணிகலன் அன்று. அது சட்டமாக வேண்டும்!

ஆனால், தோழர்களே, சட்டத்தைக் கேட்கும் நாம் நம் வீட்டு வாசலையும் பார்க்க வேண்டாமா? மேடையிலே சாதி ஒழிப்பு, மணமேடையிலே சாதிப் பொருத்தம் என்றால், கேட்கும் ஊர் கைகொட்டிச் சிரிக்காதா? 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புத் தந்த மண் இது. அந்த உரிமை ஏட்டோடு நின்றால் யாருக்குப் பயன்? உங்கள் தெருவிலே இருவர் அஞ்சி நின்றால் அவர்களுக்குக் கதவைத் திறவுங்கள். காவல் நிலையத்துக்குத் துணை செல்லுங்கள். சாட்சி சொல்ல அழைத்தால் நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்லுங்கள். வேட்பாளர் சாதிச் சங்கத்தின் வாசலிலே நின்றால், "எதற்காக நிற்கிறீர்?" என்று கேளுங்கள். அவர் நம் கட்சிக்காரரே ஆயினும் கேளுங்கள்!

கொன்றவனைத் தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. கொலைக்குக் காரணமான சாதியைத் தண்டிக்க மக்கள் மன்றம்தான் இருக்கிறது. அந்த மன்றத்திலே தீர்ப்பு எழுத வேண்டியவர்கள் நாம்.