காயம் ஒரு தீர்ப்பு அன்று

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு ஷிப்டுக்கு எத்தனை உதிரிபாகங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடிகள் என்று அனைத்தும் எண்ணப்படுகின்றன. குறையுள்ள பாகம் தனியே ஒதுக்கப்படுகிறது. பொருள்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். மனிதர் அதைத் தம்மீதே வைத்துப் பார்க்கும்போது துன்பம் இரட்டிப்பாகிறது.

பிரஸ்ஸில் விரல்களை இழந்த இளைஞர், ஊரிலுள்ள தாய்க்குச் செய்தி சொல்லத் தயங்குகிறார். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் வழியில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், இனிக் குடும்பத்துக்குத் தாம் பாரம் என்கிறார். அருகில் கண்விழித்திருக்கும் மனைவியோ, யார் செய்த பாவம் இது என்று தமக்குள் கேட்டுக்கொள்கிறார். எந்த மதத்தினராயினும், மருத்துவமனைக்கு வருவோர் பலர் சுமந்து வரும் கேள்வி இது.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்திலும் இதே கேள்வி எழுகிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று இயேசுவிடம் வினவினர். இருவருமல்லர் என்று அவர் மறுத்தார். மனிதர் அனைவரும் பாவத்தால் காயப்பட்டவர்கள் என்று போதிக்கும் அதே கிறிஸ்தவம்தான் இந்த மறுப்பையும் பதிவு செய்திருக்கிறது. இவ்விரண்டும் முரண்படுவன அல்ல. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் காட்டி, ஒருவருடைய விபத்துக்கு மட்டும் காரணம் கற்பிக்க இயலாது. படுக்கையில் இருப்பவர் குறையுள்ளவர், பக்கத்தில் நிற்பவர் முழுமையானவர் என்ற பிரிவினைக்கும் அங்கே இடமில்லை. வெள்ளை அங்கி அணிந்தவரும் தமக்குரிய அச்சத்தையும் மனக்கசப்பையும் குற்ற உணர்வையும் சுமப்பவரே.

ஆகவேதான் கிறிஸ்தவம் கிருபையைப் பற்றிப் பேசுகிறது. கத்தோலிக்கர் அதை அருள் என்பர். கூலி உழைப்புக்குக் கிடைப்பது. கிருபை, கொடுக்க ஏதுமற்றவருக்கும் கிடைப்பது. இயேசு சொன்ன உவமை ஒன்றில், மாலையில் கடைசியாக வேலைக்கு வந்தவர்களுக்கும் திராட்சைத் தோட்டத்தின் உரிமையாளர் முழுநாள் கூலி கொடுக்கிறார். இறைவனின் அருளைச் சரணடைதலைப் போதித்த இராமானுசர் 1017இல் பிறந்ததாகப் போற்றப்படும் ஊர் நம் ஸ்ரீபெரும்புதூர். அருள் என்னும் சொல் இம்மண்ணுக்குப் புதிதன்று.

கிருபை வந்தால் காயம் மறைந்துவிடுமா? உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் உடலிலும் ஆணிகளின் தழும்புகள் இருந்தன என்கிறது நற்செய்தி. அவற்றைக் காண விரும்பிய தோமாவின் பெயரால்தான் சென்னையின் பரங்கிமலை புனித தோமையார் மலை எனப்படுகிறது.

நம் பகுதியைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வேலூரை அடையலாம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் அவர் தலைமையில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986இல் மறையும்வரை அவர் கால்கள் இயங்கவில்லை. நடக்க இயலாதோர் பலர் வாழ்வைத் தொடர அவர் துணைநின்றார்; தம் அன்றாடத் தேவைகளுக்குப் பிறர் உதவியையும் ஏற்றுக்கொண்டார். எல்லோரும் அவரைப் போல் சாதிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கிருபையை மீண்டும் கூலியாக்கிவிடுவோம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிருபையின் பெயரால் யாரும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. இயந்திரத்துக்குத் தடுப்பு இல்லாமை இறைவனின் சித்தம் அன்று. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர் வேலையில் காயமுற்றால், தற்காலிக இயலாமைக் காலத்துக்குக் கூலியில் ஏறத்தாழ 90 விழுக்காடு பெற வழியுண்டு. வேலைக்குச் சென்றுவரும் வழியில் நேரும் விபத்தும், பணியோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், இதில் அடங்கும். விபத்து அறிக்கையைக் கேட்டுப் பெறுவது நன்றிகெட்ட செயல் ஆகாது.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நீங்களும் களைத்திருக்கிறீர்கள். உறவினரோ அடுத்த படுக்கைக்காரரின் துணையாளரோ ஓர் இரவு தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால், மறுக்காமல் சென்று உறங்குங்கள். வீட்டாருக்கு இன்னும் செய்தி சொல்லாத நோயாளிகளே, இன்று மாலை அழைத்துப் பேசுங்கள். தனியே பேசத் தயக்கமாக இருந்தால், செவிலியரை அருகில் இருக்கச் சொல்லுங்கள்.