வீடும் நாடும்: மரம் வளர்ப்போரும் அரசாங்க உதவியும்

“மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்” என்பது நம் முன்னோர் மொழி. மனம் தளர்ந்தோரைத் தேற்றுதற்கு அதனைக் கூறுவர். ஆனால், மெய்யாகவே மண்ணில் மரம் வைத்தவருக்குத் துணை நிற்பவர் யார்? வித்துராவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறி வாழும் நம்மவர் சிலர் இதனையே மூன்று வினாக்களாக நம்மிடம் கேட்டுள்ளனர். எம் மனையில் மரம் வளர்த்தால் அரசாங்கம் உதவுமா? வளர்ந்த மரத்தை வெட்ட யாரிடம் அனுமதி பெறவேண்டும்? சொந்த ஊரில் விட்டு வந்த நிலத்துக்கு ஏதேனும் வழி உண்டா? இம்மூன்றுக்கும் இம்மாதம் விடை கூற முயல்வோம்.

வித்துரா, நெடுமங்காடு தாலுகாவில் பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர். வாமனபுரம் ஆற்றுக்கு நீர் தரும் கல்லாறு அதன் அருகே ஓடுகிறது. மரத்துக்குப் பஞ்சமில்லாத அவ்வூரில் மரம் நிற்கும் நிலம் மூன்று வகைப்படும். மலைமேல் அரசாங்கக் காடு. சரிவில் தேயிலையும் ரப்பரும் வளரும் தோட்டம். கீழே குடியிருப்போரின் சிறு மனை. நம்மவருள் பலர் இரண்டாவதில் உழைத்து, மூன்றாவதில் ஐந்து சென்டோ பத்து சென்டோ வாங்கி, ஒரு பலாவும் ஓர் அயினியும் நட்டு வைத்திருப்பவர். உதவியும் உரிமையும் இம்மூன்று நிலத்துக்கும் வேறு வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

பழைய அச்சம்

திருவிதாங்கூர் மன்னராட்சியில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியன இராஜமரங்கள் எனப்பட்டன. 1865-ஆம் ஆண்டின் பண்டாரப் பாட்ட விளம்பரத்தால் உழவர் தம் நிலத்துக்கு முழு உரிமை பெற்றனர். ஆயினும், அந்நிலத்தில் தானே முளைத்த தேக்கு அரசருக்கே உரியதாக நின்றது. உழுபவன் காத்து வளர்க்க, உடைமை வேறொருவருக்கு என்றால், முளையைக் கிள்ளி எறிவதே இலாபம் என்று அவன் கருதியதில் வியப்பென்ன?

மரத்தின் தேவையோ நாளுக்கு நாள் மிகுந்தது. 1904-இல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மலையைக் குடைந்து இருப்புப் பாதை இட்டபோது, தண்டவாளத்தைத் தாங்கியவை மரக்கட்டைகளே. இன்று அவ்விடத்தில் கான்கிரீட் கட்டைகள் கிடக்கின்றன. மரத்தை வேண்டாதவர் எவருமில்லை. அதனை வளர்ப்பவனுக்கு என்ன பயன் என்று எண்ணிப் பார்த்தவரே சிலர்.

இவ்வச்சம் நெடுங்காலம் நீடித்தது. கேரளத்தில் 1986-இல் இயற்றப்பட்ட மரப் பாதுகாப்புச் சட்டமும் வெட்டுவதைத் தடுப்பதையே பெரிதும் நோக்கியது. 2005-ஆம் ஆண்டில்தான் காற்று மாறி வீசியது. காடல்லாத நிலங்களில் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்கும் சட்டம் என்னும் பெயரோடு ஒரு சட்டம் வந்தது. அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிக்கு வெளியே, தம் நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் கொண்டு செல்லவும் நிலவுடையவருக்கு அச்சட்டம் உரிமை அளித்தது.

எனினும் இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று சந்தனம். வன இலாகாவைக் கேளாமல் அதன் ஒரு கிளையையும் தொடற்க. மற்றொன்று, அரசாங்கம் நிலத்தைப் பதித்துக் கொடுத்தபோது தனக்கென ஒதுக்கி வைத்த மரங்கள். இந்த இரண்டாம் விலக்கை அறியாதவர் படும் துன்பத்தை வயநாட்டு முட்டில் கிராமம் நமக்குக் காட்டியது. 1964-ஆம் ஆண்டின் விதிகளின்படி பட்டா பெற்ற நிலங்களில் உள்ள மரங்களை வெட்டுவது குறித்து, 2020 அக்டோபர் 24 அன்று வருவாய் இலாகா ஓர் உத்தரவு வெளியிட்டது. அதனைக் காட்டி வியாபாரிகள் நூறாண்டு கண்ட ஈட்டி மரங்களைச் சாய்த்தனர். 2021 பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மரத்தை விற்றவருள் சிறு உழவரும் பழங்குடியினரும் இருந்தனர். அவர்களும் விசாரணைக்குள் அகப்பட்டனர்.

ஆதலின், மரம் வாங்க வருபவன் “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கூறினால், அன்றைக்கே கோடரியை உள்ளே விடாதீர்கள். நிலம் எவ்வகைப் பட்டா, அதில் எம்மரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று வில்லேஜ் ஆபீஸில் கேட்டறிந்த பின்னரே விலை பேசுங்கள்.

கன்றுக்குக் கிடைக்கும் பணம்

இனி உதவிக்கு வருவோம். கேரள வன இலாகாவின் சமூக வனப் பிரிவு, தனியார் நிலத்தில் மரம் வளர்ப்போருக்கு ஊக்கத்தொகை அளிக்கும் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. தேக்கு, சந்தனம், மகாகனி, அயினி, பலா, ஈட்டி, குமிழ் முதலிய மரங்களின் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை வயதுடைய கன்றுகளுக்கு இது பொருந்தும். சொந்த நிலம் உடையோரும், குறைந்தது 15 ஆண்டுக் குத்தகை பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். தொகை இரண்டு தவணைகளாக வரும்.

அறிவிப்பில் கண்ட வீதம் இது: 50 முதல் 200 கன்று வரை, கன்று ஒன்றுக்கு 50 ரூபாய். 201 முதல் 400 வரை, ஒன்றுக்கு 40 ரூபாய். எனினும் மொத்தம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. 401 முதல் 625 வரை, ஒன்றுக்கு 30 ரூபாய். மொத்தம் 16,000 ரூபாய்க்குக் குறையாது. ஆண்டுக்கு ஆண்டு வீதம் மாறக்கூடுமாதலால், விண்ணப்பிக்கும் முன் ஜில்லா சமூக வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்க.

சரக்குக் கட்டணப் பட்டியலோடு பழகிய நமக்கு இக்கணக்கு புதிதன்று. தூரம் மிகுந்தால் வீதம் குறையும். ஆயினும் அதிகத் தூரம் அனுப்பியவர் குறைந்த தூரம் அனுப்பியவரைவிடக் குறைவாகச் செலுத்த நேராதபடி ஒரு கீழ்வரம்பு வைப்பர். அவ்வாறே 201 கன்று நட்டவர் 200 நட்டவரைவிடக் குறைவாகப் பெறக்கூடாது என்பதற்காகவே 10,000 என்னும் வரம்பு. நேர்மையான கணக்கே.

ஆனால் இப்பட்டியலின் முதல் படி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஐம்பது கன்றில் தொடங்குகிறது. கன்றுக்குக் கன்று நான்கு மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு ஹெக்டேரில் 625 கன்றுகள் அடங்கும். உச்ச வரம்பு அதனோடு ஒத்திருக்கிறது. அதே இடைவெளியில் ஐம்பது கன்றுக்கு 800 சதுர மீட்டர், அஃதாவது ஏறக்குறைய 20 சென்டு வேண்டும். ஐந்து சென்டு உடையவருக்கு, வீட்டை இடித்து நட்டாலும், பன்னிரண்டு கன்றே அடங்கும். தோட்டத்து லயத்தில் வாழ்பவருக்கோ மனையும் இல்லை, குத்தகைச் சீட்டும் இல்லை. அவர் நட்ட பலா ஐம்பது ஆண்டு காய்த்தாலும் ஏட்டில் அதற்கு இடமில்லை. பலாவைக் கேரளம் 2018-இல் மாநிலப் பழமாக அறிவித்துச் சிறப்பித்தது. லயத்து முற்றத்தில் அதனைக் காத்தவளுக்கு அச்சிறப்பில் பங்கு வரவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. ஊக்கத்தொகை மூன்று ஆண்டுக் கன்றோடு நின்றுவிடுகிறது. அயினி பலன் தர எத்தனை ஆண்டு ஆகும் என்பதை நம் வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். நட்டதற்குப் பணம் உண்டு. நிற்க வைத்ததற்கு இல்லை.

நின்று உதவினால் என்ன விளையும் என்பதற்கு ரப்பரே சான்று. 1947-இல் ரப்பர் சட்டம் வந்தது. 1957-இல் மறுநடவுக்கு மானியம் தொடங்கிற்று. கன்று, கடன், அறிவுரை எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தன. விலை வீழ்ந்தபோது, 2015-இல் கேரள அரசாங்கம் கிலோ ஒன்றுக்கு 150 ரூபாயை ஆதார விலையாகக் கொண்டு குறைவை ஈடு செய்தது. அயல்நாட்டு மரமாகிய ரப்பர் வித்துராவின் சரிவெல்லாம் படர்ந்ததன் மருமம் இதுவே. வேரூன்றியது முதல் பால் வடிவது வரை ஒரு கை அதனைப் பற்றியிருந்தது. பலாவுக்கும் அயினிக்கும் அக்கை மூன்றாம் ஆண்டோடு விலகிவிடுகிறது.

காவும் ஊர்ப்பொதுவும்

தனி மனையைத் தவிர்த்து வேறு நிலங்களும் உள. கேரளத்தில் காவுகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் தேவஸ்வங்களுக்கும் டிரஸ்டுகளுக்கும் அவற்றைக் காப்பதற்கென வன இலாகா நிதியுதவி அளிக்கிறது. ஜில்லாதோறும் விண்ணப்பம் கோரப்படுகிறது. நம்மவர் சாஸ்தாவையும் அம்மனையும் மரத்தடியில் வைத்து வழிபடும் இடங்கள் பல. அவ்விடம் எவர் பெயரில் உள்ளது என்பதை ஊர்க்கூட்டத்தில் தெளிவு செய்து கொண்டால் இவ்வுதவியை நாடலாம். தமிழ்நாட்டிலும் இந்நோக்கம் வளர்கிறது. திண்டுக்கல் ஜில்லாவில் காசம்பட்டிக் கோயில்காடு 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

காட்டோரத்து மக்களைப் பாதுகாப்பில் சேர்த்துக்கொள்ளும் முறை கேரளத்தில் 1998 முதல் வன சம்ரட்சண சமிதிகள் வாயிலாக நடைபெறுகிறது. காணிக்காரர் முதலிய பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் நிலவுரிமைக்கும் கூட்டுரிமைக்கும் வழி செய்தது. அங்கும் உரிமை தொடங்குவது கிராம சபையில் வைக்கும் மனுவிலேதான்.

ஊரில் விட்டு வந்த நிலம்

நெல்லைச் சீமையிலும் குமரியிலும் துண்டு நிலம் வைத்திருப்போருக்குச் சில சொற்கள். தமிழ்நாட்டில் 2021-22 முதல் விளைநிலங்களில் பசுமைப் போர்வையைப் பெருக்கும் இயக்கம் ஒன்று நடத்தப்பட்டது. வரப்போரம் நடுவதற்கு ஏக்கருக்கு 50 கன்று என்றும், நிலத்தினுள் நெருக்கமின்றி நடுவதற்கு 160 கன்று என்றும் இலவசமாக வழங்க விதி செய்தனர். அதன் சிறப்பு வேறொன்று. இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுதோறும் 7 ரூபாய் என விதித்தனர். தொகை சிறிதே, நோக்கம் பெரிது. நட்டதை எண்ணாமல் நிற்பதை எண்ணும் முறை அது. அவ்விதி இன்று எந்நிலையில் உள்ளது என்பதை ஊரிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிக.

புறம்போக்கில் மரம் வைத்து அனுபவிப்போருக்குத் தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் 2சி பட்டா என்னும் மரப்பட்டா உண்டு. நிலம் அரசாங்கத்தினது, மரத்தின் பலன் வளர்த்தவருடையது. நம் பாட்டனார் வைத்த புளிக்கும் பனைக்கும் அத்தகைய பட்டா இருந்ததா என்று ஊருக்குச் செல்லும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டரசு அறிவித்ததையும் நினைவிற் கொள்க. குளத்து உள்வாயில் கருவேலங்காடு வளர்ந்ததைக் கண்டோர் நம்முள் உளர். 1981 முதல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்பு அது. வெட்டிய மரத்தின் வருவாயில் பஞ்சாயத்துக்கும் பங்கு இருந்தது.

செய்ய வேண்டியன

வீட்டிலுள்ளோர் செய்ய வேண்டியன மூன்று. நிலவரி ரசீதை ஆண்டுதோறும் தவறாது பெற்று, பட்டாவோடு ஒரே உறையில் வைத்தல். மனையிலுள்ள மரங்களை எண்ணி, நட்ட ஆண்டோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுதல். இருபது சென்டுக்கு மேல் உடையோர் இப்பருவத்திலேயே சமூக வன அலுவலகத்தை அணுகுதல். மரம் மௌனமாக நிற்கும். அதன் பொருட்டுப் பேசுவது சீட்டு ஒன்றே.

சங்கம் செய்ய வேண்டுவது ஒரு விண்ணப்பம். ஐம்பது கன்று என்னும் கீழ்வரம்பைப் பத்தாகக் குறைக்கவேண்டும். அன்றி, அடுத்தடுத்த மனைக்காரர் ஐவர் பதின்மர் சேர்ந்து ஒரே மனுவாக அளிக்க இடந்தரவேண்டும். பத்தாம் ஆண்டிலும் நிற்கும் மரத்துக்கு ஒரு தவணை ஒதுக்க வேண்டும். லயத்து முற்றத்தில் மரம் காத்த குடும்பத்துக்கு அதன் பலனில் ஒரு பங்கை எழுத்தில் உறுதி செய்யவேண்டும். இவ்விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தலைமைச் செயலகத்துக்கும் இலாகாத் தலைவர்களுக்கும் தமிழில் எழுத நமக்கு உரிமை தந்துள்ளது. அவ்வுரிமையும் பயன்படுத்தாவிடில் பட்டுப்போகும்.

தத்தம் மனையின் அளவையும் மரத்தின் எண்ணிக்கையையும் ஒரு கார்டில் எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புமாறு வித்துரா, பாலோடு, நெடுமங்காடு பகுதி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஐந்து சென்டுக் குடும்பங்கள் எத்தனை, அவற்றின் மரங்கள் எத்தனை என்று கணக்கோடு சென்றால் அதிகாரிகள் செவி சாய்ப்பர்.